குடிகாரன், குடிநோயாளி, 'நாம்': ஒரு கூட்டத்தைத் தேடிப் போனதை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சங்கரன்கோவிலில் மதுக்கடைக்கு வழி கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். குடியை விட நினைக்கிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டால் கேட்டவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆடித்தபசு முடிந்து ஊர் ஓய்ந்து கிடந்த ஒரு வாரத்தில் இந்த இரண்டாவது கேள்வியோடு நான் அலைந்தேன். என் அக்காவின் கணவருக்காக. விசைத்தறி ஓட்டுகிறவர். அத்தான் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அந்த நிபந்தனையும் இக்கட்டுரையின் பொருளில் ஒரு பகுதி என்பது பின்னால் தெரியவரும்.

கிடைத்த பதில்களை ஒரு தொகுதியாக வைத்து வாசிக்கலாம். குடிப்பவன் யார் என்பதை ஒவ்வொரு பதிலும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தது.

ஒரு மருந்துக்கடையில் சொன்னார்கள்: "சாப்பாட்ல கலந்து குடுத்திருங்க அண்ணாச்சி, தெரியவே தெரியாது." ஊருக்கு ஊர் சுவர்களில் விளம்பரமாகும் 'குடியை மறக்க வைக்கும்' பொடிகளின் தர்க்கமும் இதுதான். டைசல்ஃபிராம் என்ற மருந்தின் இந்தப் பயனை 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். நோயாளி அறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய அதைச் சோற்றில் ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள். குடிப்பவன் இங்கே ஏமாற்றப்பட வேண்டிய ஓர் உடல் மட்டுமே.

கோவில் வாசலில் பூ விற்கிற அம்மா கயிறு கட்டச் சொன்னார். "அம்மன் முன்னால சத்தியம் வாங்கிரு. இல்லேன்னா கார்த்திகைக்கு மாலை போடச் சொல்லு." குடிப்பவன் இங்கே வைராக்கியம் குறைந்தவன். இந்தச் சொல்லுக்குத் திரும்பி வருவேன்.

மூன்றாவது பதில் ஒரு பக்கத்து வீட்டுக்காரருடையது. வண்டி அனுப்புவார்களாம், ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் உள்ளே வைத்திருப்பார்களாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சிகிச்சை தரும் நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. சம்மதம் என்பதை உரிமையாகப் பேசுகிறது. வண்டியில் தூக்கிப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வீட்டில் அடிவாங்கிச் சலித்த மனைவியும் தாயும்தான் அந்த வண்டிக்குப் போன் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது பதில் நம் தோழர் ஒருவருடையது. "தனிமனுசனத் திருத்தி என்னவே ஆகப்போவுது? கடைய மூடச் சொல்லி உக்காருவோம்."

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனபோதுதான் பதில் சொல்லாமல் கேள்வி கேட்கிற ஒருவரைச் சந்தித்தேன். "காலையில எந்திரிச்சதும் கை நடுங்குதா? வலிப்பு வந்திருக்கா?" என்று அந்த டாக்டரம்மா அத்தானிடமே கேட்டார். நாள்பட்டுக் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமையும் வந்து சாகவும் கூடும். வைராக்கியமாக வீட்டிலேயே நிறுத்திப் பார்க்காதீர்கள் என்றார். ஐந்து நாள் வார்டில் இருந்தார் அத்தான். வெளியே வரும்போது 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண்ணை எழுதித் தந்து, "மருந்து இத்தோட சரி. இனிமேதான் வேலை இருக்கு. கூட்டம் எங்க நடக்குன்னு பாருங்க" என்றார். ஒரு போன் இன்னொரு போனுக்கு இட்டுச் சென்றது. கடைசியில் ஒரு குரல், "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாங்க. நீங்களும் கூட வரலாம், அன்னைக்கு வெளியாட்களும் இருக்கலாம்" என்றது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

2

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வள்ளுவர் அதை வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே, 93ஆம் அதிகாரமாக வைத்தார். அந்தப் பத்துக் குறளிலும் குடிப்பவன் படர்க்கை. அவனைப் பற்றிப் பேசப்படுகிறது. அவனிடம் பேசிப் பயனில்லை என்பதும் சொல்லப்படுகிறது. இன்னொரு பக்கம் புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவை நினைவுகூர்வதில் கள் இருக்கிறது. அங்கே அது கொடை, தோழமை, பகிர்ந்துண்ணும் விருந்து. நமது பாடத்திட்டம் இந்த இரண்டையும் தனித்தனி வகுப்பறையில் கற்பித்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வெற்றிடம் தெரிகிறது. கொடுத்தவனைப் பற்றியும் குடித்துக் கெட்டவனைப் பற்றியும் பிரதிகள் இருக்கின்றன. நிறுத்த நினைத்து நிறுத்த முடியாதவன் தன்மையில் பேசுகிற பிரதி நான் படித்த பாடங்களில் இல்லை.

நவீன அரசின் சொல்லாடலும் இந்தப் படர்க்கையைத்தான் தொடர்கிறது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் விலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023–24ஆம் நிதியாண்டில் இந்த வகையில் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மூடும்போது குடிப்பவன் காப்பாற்றப்பட வேண்டிய ஏழை. திறக்கும்போது, கள்ளச்சாராயத்துக்குப் போய்விடக் கூடாத ஏழை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவிக்கப்பட்ட ஏழை. பத்திரிகைகள் போதையில் விழுந்து கிடப்பவனைக் 'குடிமகன்' என்று கிண்டலாக எழுதுகின்றன. குடி என்ற சொல்லுக்குக் குடும்பம், பிரஜை என்றெல்லாம் பொருள் இருக்கிற மொழி நம்முடையது. கருவூலத்தில் தன் தினக்கூலியைப் போடுகிறவன் என்ற அளவில் அவன் முழுமையான குடிமகன்தான் என்பது அந்தக் கிண்டலில் மறைந்துபோகிறது.

இந்தப் பின்னணியில்தான் 'குடிநோயாளி' என்ற சொல்லை மதிப்பிட வேண்டும். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிக்கு அடிமையாதலை நோயாக ஏற்றது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, இதைத் தமிழகத்தில் சிகிச்சைக்குரிய நோயாக நிலைநிறுத்தியதில் முக்கியமானது. 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, மருத்துவமனைக்கு வர முடியாத உழைப்பாளிகளிடம் அது போனது. பூக்கோவைப் படித்த நாம் உடனே சந்தேகப்படுவோம்: ஒழுக்கத்தின் கையில் இருந்த உடல் மருத்துவத்தின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதானே? சந்தேகம் நியாயமானது. ஆனால் குடிகாரன் என்று இருபது வருஷம் அழைக்கப்பட்ட ஒருவர் முதல் முறை குடிநோயாளி என்று அழைக்கப்பட்டபோது வார்டில் அவர் முகத்தை நான் பார்த்தேன். அவமானத்துக்கு வெளியே உட்கார ஓர் இடம் கிடைத்தது போல இருந்தது. 2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுவதாகச் சொல்கிறது. மருத்துவ அதிகாரம் பற்றிய நமது விமர்சனம் மீதி 37 பேருக்கு என்ன சொல்கிறது?

3

இப்போது நம்மைப் பற்றி. நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

சிறுபத்திரிகைச் சூழலில் குடி ஒரு கலகக் குறியாகப் புழங்கிவந்திருக்கிறது. நடுத்தர வர்க்க ஒழுக்கத்தை, சாதித் தீட்டை, அலுவலக நேரத்தை மீறியதற்கான அடையாளம். கூட்டம் ஐந்து மணிக்கு முடியும், உண்மையான விவாதம் ஏழு மணிக்கு லாட்ஜ் அறையில் தொடங்கும். ஜி. நாகராஜன் 1981இல் மதுரையில் இறந்தார். நான் உட்கார்ந்த அறைகளில் 'நாளை மற்றுமொரு நாளே' நாவலின் வாக்கிய அமைப்பைப் பற்றிப் பேசியதைவிட அவருடைய குடியைப் பற்றிப் பேசிய நேரம் அதிகம். ஒரு மனிதரின் சிதைவை நாம் ரசிக்கத்தக்க கதையாடலாக மாற்றிக்கொண்டோம். அவரை நேரில் பார்த்தே இராத என் வயதுக்காரர்கள்தான் அந்தக் கதைகளை அதிக ருசியோடு சொன்னோம்.

அத்தான் குடித்தால் 'உழைக்கும் மக்களின் அவலம்'. கவிஞன் குடித்தால் 'கலகம்'. ஒரே திரவம், ஒரே கல்லீரல். இந்த இரட்டை வாசிப்பில் வர்க்கம் ஒளிந்திருப்பதைக் கட்டுடைக்கப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. அத்தானின் சனிக்கிழமைக் கூலி முழுதும் ஒரே ராத்திரியில் போகும். ஆசிரியர் வேலை பார்க்கிற கவிஞரின் சம்பளம் ஒன்றாம் தேதி வங்கிக்கு வந்துவிடும். விழும் வேகம்தான் வேறு. நம் வட்டத்தில் ஐம்பதைத் தாண்டாமல் போனவர்களின் அஞ்சலிக் குறிப்புகளில் 'திடீர் உடல்நலக் குறைவு' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இலக்கியக் கூட்டங்களில் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவனை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் யோசிக்க வேண்டியது. "என்ன, சாமியாராயிட்டீரா?" என்ற ஒரு வரி போதும். நிறுத்த நினைத்த ஒருவர் நம் அறைக்குள் வர முடியாதபடி நாம்தான் வாசலில் நின்றோம்.

4

கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கரும்பலகையில் வெள்ளிக்கிழமை போட்ட கணக்கு அழிக்காமல் இருந்தது. ஏழாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்த பத்துப் பதினொரு ஆண்கள், ஒரு பெண். டீ, பிஸ்கட். ஒரு தகர டப்பா கை மாறி வந்தது. நான் பத்து ரூபாய் போடப் போனேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்க போடக் கூடாது சார், இது எங்க செலவு" என்று தடுத்துவிட்டார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்துக்கொண்டதிலிருந்து உருவானது. இருவரும் குடியில் மூழ்கியவர்கள். 1939இல் பன்னிரண்டு படிகளைச் சொல்லும் நூல் வந்தது. 1950இல் பன்னிரண்டு மரபுகள் ஏற்கப்பட்டன. இந்தியாவுக்கு 1957இல் பம்பாய் வழியாக வந்தது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. குடிநோயாளிகள் மட்டும் இருக்கும் மூடிய கூட்டங்களும், மற்றவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு.

கூட்டத்தில் கேட்டதைக் கூட்டத்திலேயே விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. எனவே பிரதியை வாசித்துப் பழகிய விமர்சகனுக்கு ஒரு சங்கடம்: மேற்கோள் காட்ட முடியாத பிரதி. வடிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்கிறார். எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுகிறார். முடித்ததும் எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். அடுத்தவர். யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை, அறிவுரை இல்லை, விவாதம் இல்லை. இருபது வருஷமாக விவாதித்துப் பழகிய எனக்கு முதல் அரை மணி நேரம் நாக்கு அரித்தது.

பூக்கோ 1976இல் வெளியிட்ட 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் பாவமன்னிப்பு அறிக்கையிடுதலை அதிகாரச் சடங்காகப் பார்க்கிறார். அங்கே அதிகாரம் பேசுகிறவனிடம் இல்லை. கேட்டுக்கொண்டு, விளக்கம் தந்து, மன்னிக்கவோ தண்டிக்கவோ செய்கிறவனிடம் இருக்கிறது. பாதிரியார், மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர் எல்லாம் இந்த இருக்கையில் மாறி மாறி அமர்கிறார்கள். அந்த வகுப்பறையில் நான் தேடியது இந்த இருக்கையைத்தான். காணோம். கேட்கிற ஒவ்வொருவரும் சற்று முன் பேசியவர் அல்லது சற்றுப் பின் பேசப் போகிறவர். விளக்கம் தருகிற உரிமை யாருக்கும் இல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆக அந்தக் காலி இருக்கையில் போய் உட்கார்ந்திருந்தது விமர்சகன்.

இருப்பினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருந்தன. வீழ்ச்சி, அடித்தளம், மீட்சி என்ற இந்தக் கதையாடல் ஒரு தன்னிலையைக் கட்டமைக்கிறது. நான் ஒரு குடிநோயாளி என்று பத்து வருஷம் குடிக்காதவரும் சொல்கிறார். அல்தூசர் சொன்ன 'விளித்தல்' இங்கே தன்னைத் தானே விளிப்பதாக நடக்கிறது. இது ஒரு சிறையாகவும் ஆகலாம். ஆனால் ஊர் கொடுத்த குடிகாரன் என்ற தன்னிலையும் கட்டமைக்கப்பட்டதுதானே? இரண்டில் எதற்குள் இருந்து ஒரு மனிதன் வேலைக்குப் போகவும் பிள்ளை முகத்தைப் பார்க்கவும் முடிகிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்வேன்.

இப்போது வைராக்கியத்துக்கு வருகிறேன். கிரிகரி பேட்சன் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று குடிக்கு அடிமையாதலைத் 'தன்னிலை' பற்றிய தவறான கோட்பாடாக விளக்குகிறது. குடிப்பவன் தன்னையும் பாட்டிலையும் எதிரெதிரே நிறுத்திக்கொள்கிறான். நான் பெரியவனா அது பெரியதா என்பது போட்டி. அதை ஜெயிப்பேன் என்கிற பெருமிதமே அவனை மீண்டும் குடிக்க வைக்கிறது. ஜெயித்துவிட்டால், ஜெயித்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே! தமிழ்நாட்டில் பேட்சனுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. அத்தான் ஏழு வருஷம் மாலை போட்டார். ஒரு மண்டலம் சுத்தமாக இருப்பார். மலையிறங்கி மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போவார். "நாப்பத்தோரு நாள் இருந்தவன், ஒரு குவார்ட்டர்ல என்ன ஆயிரப்போறேன்" என்பார். வைராக்கியம் இல்லாமல் அவர் விழவில்லை. வைராக்கியத்தின் வழியாகவே விழுந்தார். ஏஏயின் முதல் படி, எங்களால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது. போட்டியிலிருந்தே விலகிக்கொள்ளும் இந்த நகர்வைத்தான் பேட்சன் முக்கியமாகக் கருதினார். நிரந்தரச் சத்தியம் அங்கே கேட்கப்படுவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்கிறார்கள்.

பன்னிரண்டு படிகளும் தன்மைப் பன்மையில், இறந்த காலத்தில் எழுதப்பட்டவை. கட்டளை வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் அந்தப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் அதைச் சொல்ல வாயெடுத்தால் 'நாங்கள்', 'நாம்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கேட்கிறவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்பதை நம் இலக்கணம் மறைக்க விடாது. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் அத்தானிடம் பேசியதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் எழுத அனுமதி கேட்டு வாங்கினேன். 'நமக்கு' என்றார். அத்தானை இருபது வருஷத்தில் யாரும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துப் பேசிக் கேட்டதில்லை. என்னிடம் திரும்பியபோது அவரே 'எங்களுக்கு' என்று மாற்றிக்கொண்டார்.

5

செயல்பாட்டாளர்களின் ஆட்சேபணைகளைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலாவது, கடவுள். ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வார்ப்பில் வளர்ந்தது ஏஏ. படிகளில் கடவுள் வருகிறார். 'நாங்கள் புரிந்துகொண்ட வகையிலான' கடவுள் என்ற ஒட்டு, தொடக்கக் காலத்திலேயே அதற்குள் இருந்த நம்பிக்கையற்றவர்கள் சண்டை போட்டுச் சேர்த்தது. சிகாகோவில் 1975இலேயே நாத்திகர்களுக்கான குழு தொடங்கியது. பெரியார் மண்ணில் அப்படியொரு குழுவை யாரும் நினைத்துப் பார்க்கலாம். அத்தானுக்கு இந்தப் பிரச்சினை எழவில்லை. கோமதியம்மனை வைத்துச் சமாளித்துக்கொண்டார். எனக்கு எழுந்தது. அந்தக் குழுவையே பெரிய சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இருபது சதவீதம் சமாதானமானேன்.

இரண்டாவது, அரசியல். ஏஏ மதுவிலக்கு உட்பட எந்தப் பொதுப் பிரச்சினையிலும் கருத்துச் சொல்வதில்லை. 2015 ஜூலையில் சசிபெருமாள் மதுக்கடையை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட மாநிலத்தில் இந்த மௌனம் உறுத்தத்தான் செய்யும். அவர்கள் தரப்பில் ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. 1840இல் பால்டிமோரில் குடிகாரர்கள் சிலர் தொடங்கிய வாஷிங்டோனியன் சங்கம் பெருவேகத்தில் வளர்ந்து, மதுவிலக்கு அரசியல் முதலிய சர்ச்சைகளில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. கடையை மூடப் போராடுவது ஒரு வேலை, மூடும்வரை சாகாமல் இருப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே அமைப்பு செய்ய வேண்டும் என்று நாம் ஏன் கேட்கிறோம்?

மூன்றாவதுதான் எனக்குக் கனமானது. பெண்கள். 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அறிவொளி வகுப்புப் பாடநூலில் இருந்த ஒரு கதை அதற்குப் பொறியாக இருந்தது. 1993இல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது, 1995இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997இல் தளர்த்தப்பட்டது. அந்தப் பெண்கள் வாசித்த பிரதி அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது. நான் பார்த்த கூட்டத்தில் ஆண்கள் தங்கள் வீழ்ச்சியைப் பேசினார்கள். அந்த வீழ்ச்சியைத் தாங்கியவர்கள் வீட்டில் இருந்தார்கள். தீங்கிழைத்தவர்களின் பட்டியல் எழுதி ஈடுசெய்யச் சொல்கிற படிகள் இருக்கின்றன. குடும்பத்தினருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. அக்காவிடம் அதைச் சொன்னேன். "அவுக குடிச்சதுக்கு நான் எதுக்குத் தம்பி பஸ் ஏறணும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பலன் உண்டா என்று கேட்கிற தோழர்களுக்கு: 2020இல் காக்ரேன் குழுமம் 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கித் தொகுத்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏயுடன் இணைக்கும் முறையான சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தன என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் பொருந்தும் என்று அது சொல்லவில்லை. மருந்தும் ஆலோசனையும் வேறு வகைக் குழுக்களும் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

6

அடுத்த மாதம் திரும்பி வரும் பஸ்ஸில் அத்தானிடம் கேட்டேன்: "நம்ம ஊர்லயே ஒண்ணு இருந்தா வருவீங்களா அத்தான்?" வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஊர்ல பேரு கேக்க மாட்டாங்க மாப்ள. எந்தத் தெருன்னு கேப்பாங்க" என்றார்.

இதை எந்தக் கோட்பாட்டு நூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பெயரின்மை என்பது ஏஏயின் அடித்தளம். அமெரிக்காவில் குடும்பப் பெயரை விட்டுவிட்டால் ஆள் மறைந்துவிடலாம். தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. நம் பெயர்கள் ஏற்கெனவே பாதி அநாமதேயம்தான். ஆனால் தெரு மறைவதில்லை. சங்கரன்கோவில் மாதிரி ஊரில் தெருவைச் சொன்னால் சாதி வந்துவிடும், சாதி வந்தால் 'நாம்' உடைந்து பழையபடி 'நாங்களும்' 'நீங்களும்' ஆகிவிடும். அத்தான் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போவது கூட்டத்துக்காக மட்டும் இல்லை. தெரு இல்லாத மனிதனாக இரண்டு மணி நேரம் உட்காருவதற்காகவும்தான்.

தெரு கேட்காமல் பக்கத்தில் உட்காரவைக்கிற இடம் ஒன்று ஊரில் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் அத்தான்தான் சொன்னார். கடையில் ஒரு குவார்ட்டருக்குக் காசு பத்தாதவன் இன்னொருத்தனைக் கூட்டுச் சேர்த்துக் 'கட்டிங்' போடுகிறான். பங்கு போடுகிற அந்தப் பத்து நிமிஷம் யாரும் ஊர், தெரு கேட்பதில்லை. வேறெங்கும் கிடைக்காத சமத்துவம் அங்கே காசுக்குக் கிடைக்கிறது. குடியை விடச் சொல்கிற நாம் அதையும் சேர்த்து விடச் சொல்கிறோம். பதிலுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

இதை எழுதும்போது அத்தான் குடிக்காமல் நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு தீபாவளி. அன்று விழுந்தார், மறு ஞாயிறு போய் எழுந்து நின்று அதைச் சொன்னார். அன்றிலிருந்து எண்ணி நாலு மாதம். நானும் இப்போது இலக்கியக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. அடுத்த திறந்த கூட்டத்தில் எந்த இருக்கையில் உட்காருவேன் என்பதும் தெரியவில்லை.

ஒரு காரியம் மட்டும் நம் கையில் இருக்கிறது. குடியை நிறுத்த விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு ஆகிவிடலாம் என்கிறது அவர்களுடைய மரபு. தொடங்குவது அவர்கள் வேலை. நாம் தொடங்கிவைக்கக் கூடாது. நாம் கூடிப் புத்தகம் பேசுகிற மாடியறை மாதத்தில் ஒரு ஞாயிறுதான் திறக்கிறது. எந்தத் தெருக்காரனும் கூசாமல் ஏறக்கூடிய படி ஊரில் அதற்குத்தான் இருக்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். மீதி ஞாயிறுகளுக்கு அதைக் கொடுக்கலாம். இலவசமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பதால் வாடகை நிர்ணயிக்க வேண்டும். முந்தின ராத்திரிப் பாட்டில்களை அப்புறப்படுத்தவும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு நான் நேரம் கேட்டிருக்கிறேன்.